சுவரில் இடமில்லாத படம்

செப்டம்பர் 4, திங்கள்

ஒரே ஒரு நாள் பல் டாக்டரிடம் போனதற்கு இந்தத் தண்டனை. வெள்ளிக்கிழமை நான் லீவு போட்ட நேரம் பார்த்து மீட்டிங் வைத்திருக்கிறார்கள். இன்று வீங்கிய கன்னத்தோடு போய் நிற்கிறேன், ஹெச்.எம். அம்மா சிரித்த முகமாக ஒரு ஃபைலை நீட்டுகிறார். "வாழ்த்துகள் டீச்சர். இனி நீங்கதான் நம்ம ஸ்கூலோட மீள்திறன் ஒருங்கிணைப்பாளர்."

மீள்திறன் என்றால்? கஷ்டம் வந்தால் பிள்ளைகள் துவண்டு விழாமல் எழுந்து நிற்க வேண்டும். அதை நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். உலகம் முழுக்க எல்லாப் பள்ளிகளிலும் வரப்போகிறதாம். பல நாட்டுக்காரர்கள் உட்கார்ந்து கொள்கையாகவே முடிவு செய்துவிட்டார்களாம். தினமும் காலையில் இருபது நிமிடம். எந்தப் பாடத்திலிருந்து எடுப்பது என்று கேட்டேன். "கணக்குலேர்ந்துதான். ஆறாவது பி-க்கு முதல் பீரியட் நீங்கதானே?"

பின்னம் பாதியில் நிற்கிறது. என் பிள்ளைகளுக்கு அரையும் காலும் கூட்டினால் என்ன வரும் என்று தெரியாது. ஆனால் துவள மாட்டார்கள்.

வாயைத் திறந்து சண்டை போடலாமென்றால் வாய்தான் திறக்கவில்லை. டிராயிங் டீச்சர் ஸ்டாஃப் ரூமில் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "வராதவங்க தலையிலதான் கட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? போன வருஷம் நான் காய்ச்சல்ல படுத்தேன், எந்திரிச்சு வந்தா தோட்டக் கமிட்டி."

செப்டம்பர் 6

இன்று வக்கீலம்மாவின் வழக்குகள். காலையில் வந்ததும், "டீச்சர், என் பெஞ்சுல ஆணி நீட்டிக்கிட்டிருக்கு." கணக்கு நடுவில், "டீச்சர், போர்டு சரியாத் தெரியல, வெளிச்சம் அடிக்குது." சாப்பாட்டு மணிக்கு, "டீச்சர், குழாய்ல மூணாவது பசங்க முட்டித் தள்ளுறாங்க, சாட்சி இருக்கு." சாட்சி என்று இழுத்து வந்தது பக்கத்து இடத்து ரெட்டைச்சடையை. அது வாயே திறக்காது, தலையை மட்டும் ஆட்டும்.

இந்தப் பெண்ணுக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்தது நான்தான். தனக்காக மட்டும் வராது. யாருடைய பென்சில் போனாலும், யாரை யார் கிள்ளினாலும், கையைக் கட்டிக்கொண்டு என் மேஜை முன்னால் நிற்கும். நான் போதும் போ என்றாலும் போகாது. "அப்ப என்ன முடிவு டீச்சர்?"

மண்டை காய்கிறது. நாற்பது பிள்ளைகளை மேய்க்கலாம், இந்த ஒன்றுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

செப்டம்பர் 7

பயிற்சி. நாள் முழுக்க. சின்ன வயசுப் பயிற்சியாளர் ஒருவர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு ரப்பர் பந்து. தரையில் ஓங்கி அடித்தார், பந்து எழும்பியது. "பார்த்தீங்களா? இதுதான் மீள்திறன்!" எல்லோரும் கை தட்டினோம். டிராயிங் டீச்சர் என் காதில், "நம்மளை எடுத்து அடிக்காம இருந்தா சரி" என்றாள். அந்த நிமிடத்திலிருந்து அவர் எங்களுக்குப் பந்து சார்.

ஐந்து படிகள். நில். மூச்சு விடு. நீயே முயன்று பார். நண்பரிடம் கேள். பெரியவரிடம் சொல். இதைப் பிள்ளைகள் தினமும் சுவரைப் பார்த்து ஒப்பிக்க வேண்டும்.

சாயங்காலம் அடுப்படியில் நின்று கண்ணை மூடி மூச்சுவிட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "மூச்செல்லாம் நல்லாத்தான் விடுற. பால் பொங்குது" என்றார்.

செப்டம்பர் 11, திங்கள்

ஒரு சுவரொட்டி விவகாரத்தில் அரை நாள் போச்சு.

ஐந்து படிகளுக்கும் ஐந்து படம் வந்திருக்கிறது, பெரிய பெரிய படங்கள். வரிசையாக, ஒரே கோட்டில், ஒரே சுவரில் மாட்டி போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். மற்ற வகுப்புகளுக்கெல்லாம் நீளச் சுவர். என் வகுப்பு பழைய ஹாலைத் தடுத்து எடுத்த பொந்து. ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நாலு படம்தான் பிடிக்கிறது. ஐந்தாவதை மாட்டினால் பாதி ஜன்னல் மேல் ஏறுகிறது. பீரோவை நகர்த்தலாமென்றால் ஒரு கால் உடைந்து செங்கல்லில் நிற்கிறது, தொட்டால் கவிழும்.

ஹெச்.எம். வந்து பார்த்தார். "ஜன்னலை மறைச்சா போட்டோல அசிங்கமா இருக்கும் டீச்சர். இப்போதைக்கு நாலு மாட்டுங்க, எடுத்து அனுப்பிடலாம். அதை அப்புறம் பார்த்துக்கலாம்."

'பெரியவரிடம் சொல்' சுருட்டி பீரோ மேல் ஏறிவிட்டது.

டிராயிங் டீச்சர், "பின்பக்கச் சுவர்ல மாட்டுங்களேன்" என்றாள். பிள்ளைகள் கழுத்தைத் திருப்பி ஒப்பிக்கவா? நான் சொன்னேன், "இருக்கட்டும் விடு. அதை மட்டும்தான் இதுங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேணாம். அதான் நாள் பூரா என் மேஜையைச் சுத்தி நிக்குதுங்களே." ரெண்டு பேரும் சிரித்தோம்.

செப்டம்பர் 13

ஆறு பி ஒப்பிக்கிறது: "நில்! மூச்சு விடு! நீயே முயன்று பார்! நண்பரிடம் கேள்!" கூரை அதிர்கிறது. பின்னம் அங்கேயே நிற்கிறது.

செப்டம்பர் 22

அதிசயம். இந்த வாரம் வக்கீலம்மா ஒரே ஒரு தடவைதான் வந்தாள்.

திங்கட்கிழமை வந்தாள். வழக்கம்போலக் கையைக் கட்டி நின்று, "டீச்சர், போர்டு..." என்று ஆரம்பித்தாள். நான் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல் சுவரைக் காட்டினேன். "நாலும் பண்ணிட்டியா? பண்ணிட்டு வா." போனாள். அப்புறம் வரவே இல்லை.

மற்றவர்களும் வருவதில்லை. ஒருத்தன் மூக்கில் ரத்தம் வழிய உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். சரி, அவனுக்கு அடிக்கடி வருவதுதான்.

உள்ளதைச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. எத்தனையோ வருஷம் கழித்து என் டீயை ஆறுவதற்குள் குடித்தேன்.

செப்டம்பர் 29, வெள்ளி

பந்து சார் வந்தார். உதவி கேட்டு டீச்சரிடம் வரும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் குறைந்திருக்கிறார்களாம், ஆறு பி-யில்தான் மிக அதிகமாகக் குறைவு. "எப்படி மேடம் சாதிச்சீங்க?" படங்களுக்கு முன்னால் நிறுத்தி என்னைப் போட்டோ எடுத்தார். நாலு படங்கள்தான் இருக்கின்றன என்பதை அவரும் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நவம்பரில் வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். நம் பள்ளிக்கூடம்தான் மாதிரிப் பள்ளியாம். ஹெச்.எம். தரையில் நடக்கவில்லை.

வெளியே பி.டி. பீரியட். பிள்ளைகள் கயிறு சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே கூச்சல். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசினோம்.

அக்டோபர் 12

கோபம் இன்னும் அடங்கவில்லை.

கணக்குத் தேர்வுத் தாள்கள். வக்கீலம்மாவும் ரெட்டைச்சடையும் ஒரே விடை. சரியாக எழுதியிருந்தால்கூடப் போகட்டும், தப்பும் ஒரே தப்பு. அவள் 7-ஐ 1 என்று எழுதினால் இவளும் 1. அடித்துத் திருத்திய இடத்தில் இவளும் அடித்துத் திருத்தியிருக்கிறாள்! ஊருக்கெல்லாம் நியாயம் பேசின பெண்.

ரெண்டு பேரையும் எழுப்பி நிற்க வைத்தேன். எல்லோர் முன்னாலும்தான். "காப்பி அடிக்க வெக்கமா இல்ல? ஒருத்தி காட்டுறா, ஒருத்தி எழுதுறா. திருட்டுக்கூட்டு." ரெட்டைச்சடை கேவிக் கேவி அழுதது. இவள்? கண்ணை மூடிக்கொண்டாள். மெதுவாக மூச்சை இழுத்தாள், விட்டாள். நான் பேசிக்கொண்டிருக்கிறேன், இவள் மூச்சு விடுகிறாள்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "என்னடி, நான் கத்திக்கிட்டிருக்கேன், நீ கண்ணை மூடித் தூங்குறியா?"

"இல்ல டீச்சர். பரவாயில்ல டீச்சர்."

பரவாயில்லையாம்! யாருக்குப் பரவாயில்லை?

அக்டோபர் 16, திங்கள்

எப்படியாவது எழுதித் தொலைக்கிறேன்.

மூன்றாவது பீரியட் டிராயிங். பாதியில் டிராயிங் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். "இவளைக் கொஞ்சம் பாருங்க. பிரஷ் கழுவத் தண்ணி ஊத்தச் சொன்னேன், கப்புக்கு வெளிய ஊத்துறா. ரெண்டு தடவை. தலையை ஒரு பக்கமாவே சாச்சு வெச்சிருக்கா."

டிராயிங் டீச்சர் வக்கீலம்மாவின் இடது கண்ணைப் பொத்தினாள். "என்ன தெரியுது?"

"கொஞ்சம் மங்கலா, எல்லாம் தெரியுது."

வலது கண்ணைப் பொத்தினாள்.

"இருட்டா இருக்கு டீச்சர். மேலேர்ந்து திரை போட்ட மாதிரி. கீழ கொஞ்சூண்டு தெரியுது."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். பந்து சார் வந்த அன்றைக்கு. கயிறு சுற்றும்போது மரப்பிடி வந்து கண்ணில் பட்டதாம். அன்று வலித்ததாம், அப்புறம் வலி போய்விட்டதாம், இருட்டு மட்டும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதாம்.

"ஏன்டி சொல்லல? என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். "நின்னேன் டீச்சர். மூச்சு விட்டேன். நானே முயற்சி பண்ணிக் கண்ணைக் கழுவினேன். முன்னாடியே போர்டு சரியாத் தெரியாது, இப்ப சுத்தமாத் தெரியல, அதனால அவகிட்டக் கேட்டேன். அவ எழுதறதைப் பார்த்து எழுதிக்கச் சொன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லையே டீச்சர். அவ்வளவுதானே இருக்கு."

அவ்வளவுதான் இருக்கிறது. நாலு படம். சுருட்டி வைத்தது பீரோ மேல் தூசியோடு கிடக்கிறது. கிடத்தினது யார்? நான்தான். நானேதான்.

அக்டோபர் 17

கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். இடது கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டதாம். நாளைக்கே ஆபரேஷன். கண் டாக்டர் அம்மா சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. "அடிபட்ட அன்னைக்கே வந்திருந்தா கதை வேற. இப்ப ஒட்ட வெச்சுப் பார்ப்போம். பார்வை எவ்வளவு மிஞ்சும்னு சொல்ல முடியாது." வலது கண்ணிலும் கிட்டப்பார்வையாம். எப்போதோ கண்ணாடி போட்டிருக்க வேண்டுமாம். போர்டு தெரியவில்லை என்று நாயாகக் கத்தினாளே, வெளிச்சம் அடிக்கிறது என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னாள், நானும் நம்பினேன்.

அவள் அம்மா தொழிற்சாலை உடுப்போடு அப்படியே ஓடி வந்திருந்தாள். என்மேல் பாய்வாள் என்று நினைத்தேன். பாயவில்லை. "இப்பல்லாம் வீட்லயும் அது வேணும் இது வேணும்னு ஒண்ணும் கேக்கறதே இல்ல டீச்சர். ஸ்கூல்ல நல்லாப் பழக்கிட்டாங்கன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன்."

இதைக் கேட்டுவிட்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

அக்டோபர் 18

ஆபரேஷன் முடிந்தது. பார்வை பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 21, சனி

வீட்டுக்காரர் துளைபோடும் மெஷினைத் தூக்கிக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடம் வந்தார். வாட்ச்மேன் திறந்துவிட்டார். ஐந்தாவது படத்தை ஜன்னல் மேலேயே மாட்டினோம். பத்து நிமிட வேலை. வகுப்பில் வெளிச்சம் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

"இதுக்கா இவ்வளவு நாள்?" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பாவம், மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அக்டோபர் 25

இதை நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஹெச்.எம். கூப்பிட்டார். பந்து சார் ஸ்பீக்கர் போனில். விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன், முட்டாள் நான். "மேடம், கேட்டதும் சிலிர்த்துப் போச்சு. ஒரு கண்ணுல பார்வை போய்க்கிட்டிருக்கு, ஒரு வார்த்தை முணுமுணுக்காம அந்தக் குழந்தை தினமும் ஸ்கூலுக்கு வந்திருக்கா! இதுதான் மேடம் மீள்திறன். விருந்தாளிங்க வர்றப்ப ஒரு சிறப்பு மலர் போடுறோம். முதல் பக்கத்துல இவ கதை. நீங்கதான் எழுதணும், நெகிழ்ச்சியா."

கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஹெச்.எம். தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். இவர்களுக்கெல்லாம் பிள்ளை குட்டி இல்லையா?

"அது தைரியம் இல்ல சார். நாமதான் அவ வாயை அடைச்சுட்டோம்" என்றேன்.

"அந்தக் கோணம் வேணாமே மேடம். பாசிட்டிவா..."

சரி, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதத்தான் போகிறேன். ஒன்று விடாமல்.

அக்டோபர் 30

எழுதிக் கொடுத்தேன். ஐந்து படம், பொந்து வகுப்பு, செங்கல்லில் நிற்கும் பீரோ, நான் சிரித்தது, நான் திட்டியது, எல்லாம். கடைசிப் பாராவில் எழுதினேன்: வந்து சொல்கிற பிள்ளை பலவீனமான பிள்ளை இல்லை. எத்தனை பேர் வந்து கேட்கவில்லை என்று எண்ணிச் சந்தோஷப்படுவதை முதலில் நிறுத்துங்கள்.

நவம்பர் 6, திங்கள்

மலரின் மாதிரிப் பக்கம் வந்தது. தலைப்பு: 'புன்னகை மாறாத போராளி'. வக்கீலம்மாவின் பழைய போட்டோ. கயிற்றுப் பிடி பட்டது, பொறுத்துக்கொண்டது, தோழி உதவியது. அதோடு முடிகிறது. கீழே என் பெயர்!

பந்து சாருக்கு போன் போட்டேன். "மீதி எங்க சார்?"

"இடம் பத்தல மேடம்."

இடம் பத்தவில்லை. இங்கேயும். அதேதான், அதே வார்த்தை. நாலாவது படியோடு நறுக்கிவிட்டார்கள். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. அது எழும்பாது, உடையும். அதையும் சொன்னேன் அவரிடம்.

ஹெச்.எம்.மிடம் போய்க் கத்தினேன். ஆமாம், கத்தினேன், ஸ்டாஃப் ரூம் வரைக்கும் கேட்டதாம். "ஏன் டீச்சர் சின்ன விஷயத்தைப் பெருசாக்குறீங்க? குழந்தைக்குப் பெருமைதானே?" என்கிறார். கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சலே. இந்தம்மாவுக்கு நிஜமாகவே புரியவில்லை.

நவம்பர் 8

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வக்கீலம்மா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா நின்றபடியே படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். "இதுல என் பொண்ணு சந்தோஷமா கண்ணைக் குடுத்த மாதிரி இருக்கு" என்றாள். நாளைக்கு வேலைக்குப் போகிற வழியில் ஸ்கூலுக்கு வந்து பேசுவதாகச் சொன்னாள்.

உள்ளே கட்டிலில் வக்கீலம்மா குப்புறப் படுத்திருந்தாள். அப்படியேதான் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. எப்படி இருக்கே என்று கேட்டேன். தலையணைக்குள்ளிருந்து, "பரவாயில்ல டீச்சர்."

நவம்பர் 9

வந்தாள் அந்தத் தாய். ஹெச்.எம். மேஜையில் அந்தத் தாளை வைத்தாள். "இதைப் போடக்கூடாது. என் பொண்ணு போட்டோவும் வேணாம்." நாற்காலி போட்டும் உட்காரவில்லை. முதல் பக்கத்துக்கு இப்போது பந்து படம் போடுகிறார்கள்.

ஒருங்கிணைப்பாளர் பதவியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பி.டி. சார் இன்று லீவு. அவர் தலையில்.

நவம்பர் 20

விருந்தாளிகள் வந்தார்கள், போனார்கள். நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள். ஒரு அம்மாள் என் வகுப்பு ஜன்னலைப் பார்த்து, ஏன் படம் அங்கே என்று கேட்டார். சொல்ல வாயெடுத்தேன், ஹெச்.எம். "அடுத்து கம்ப்யூட்டர் லேப்" என்று தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 27, திங்கள்

வக்கீலம்மா திரும்பி வந்துவிட்டாள். தடிமனான கண்ணாடி. வலது கண்ணில் போர்டு பளிச்சென்று தெரிகிறதாம். இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், கை அசைந்தால் தெரியும். இன்னும் கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர் அம்மா.

முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். "எது வேணும்னாலும் வந்து சொல்லணும், சரியா?"

"சரி டீச்சர்."

நாள் முழுக்க ஒரு வார்த்தை இல்லை.

டிசம்பர் 1

மற்றதுகளெல்லாம் வருகின்றன! ஐந்தையும் ஒப்பிக்கிறார்கள், ஐந்தாவதைத்தான் உரக்க. என் மேஜையைச் சுற்றி ஒரே சந்தை. பேனா கசிகிறது, தலை வலிக்கிறது, அவன் என்னைக் குரங்கு என்கிறான். டீ ஆறிப் பாலாடை படிகிறது. பின்னம் முடியவில்லை. திட்டிக்கொண்டே எல்லோரையும் கேட்கிறேன்.

அவள் மட்டும் வரவில்லை. இன்று யாரோ அவள் கண்ணாடியைத் தட்டிவிட்டார்கள். எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இவள் என்னைப் பார்க்கிறாள், "பரவாயில்ல டீச்சர்" என்கிறாள். அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. கெஞ்சிப் பார்த்துவிட்டேன். என்னதான் செய்வது இந்தப் பெண்ணை? ஒரு படத்தை மாட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேனா?

டிசம்பர் 5, செவ்வாய்

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் ஓடிவிட்டார்கள். நான் டப்பாவைத் திறக்கிறேன், மேஜைக்கு முன்னால் நிழல் விழுகிறது. நிமிர்ந்தால், வக்கீலம்மா. கையைக் கட்டிக்கொண்டு.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு கண்ணு."

"நீங்க என்னைக் காப்பி அடிச்சேன்னு சொன்னீங்க. அது தப்பு. எனக்குத் தெரியல, அதனாலதான் பார்த்து எழுதினேன். நண்பரிடம் கேள்னுதானே போட்டிருக்கு?"

இத்தனை நாளும் இதைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். கண்ணைப் பற்றி இல்லை. இதை.

"ஆமா. தப்புதான். நான் பண்ணது தப்பு" என்றேன்.

அவள் நகரவில்லை. "எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப என்ன முடிவு டீச்சர்?"

டிசம்பர் 6

முதல் பீரியட். ஐந்து படியும் ஒப்பித்து முடித்ததும் எழுந்து நின்று சொன்னேன். அவள் காப்பி அடிக்கவில்லை, கண் தெரியாமல் தவித்தாள், விசாரிக்காமல் திட்டினது என் தப்பு, மன்னிச்சுக்கோ என்று. 

உட்காரப்போனேன். முதல் பெஞ்சில் கை உயர்ந்தது.

"டீச்சர், அவளையும் சேர்த்துதான் திட்டினீங்க. திருட்டுக்கூட்டுன்னு." பின்னால் ரெட்டைச்சடையைக் காட்டுகிறாள். அது வெட்கப்பட்டுத் தலையை ஆட்டுகிறது, சாட்சிக்கு.

திரும்ப எழுந்து அவளிடமும் சொன்னேன். அதற்கப்புறம்தான் வக்கீலம்மா கையை இறக்கினாள்.